மீட்பு என்ற சொல்

அடகு வைத்த நகையை மீட்கிறோம். பிறர் கைக்குப் போன நிலத்தை மீட்கிறோம். இரண்டிலும் திரும்பி வருவது போனதேதான். தோண்டி எடுத்த நிலத்தைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல்தான் கையாளப்படுகிறது: நில மீட்பு. ஆனால் இங்கே போனது மணல், அல்லது கிராவல், அல்லது கருங்கல். அது லாரியேறி, கான்கிரீட்டாகி, எங்கோ நாலாவது மாடியாக நிற்கிறது. திரும்பி வரப்போவதில்லை. அப்படியானால் மீட்கப்படுவது எது? இது சொல்லாராய்ச்சிக்கான கேள்வி அல்ல என்று நினைக்கிறேன். ஒரு செயலுக்கு நாம் முன்கூட்டியே வழங்கிக்கொள்ளும் மன்னிப்பு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

எக்கியார்குப்பத்தை வைத்து யோசிக்கலாம். மரக்காணத்தை ஒட்டிய மீனவக் கிராமம். கிழக்கே கடல், சுற்றுவட்டாரத்தில் பக்கிங்ஹாம் கால்வாய், உப்பளங்கள், கழுவேலி. உள்ளே தள்ளிப் போனால் வானூர்ப் பக்கத்துச் செம்மண் குவாரிகள், திருவக்கரையைச் சுற்றிய கல் குவாரிகள். ஆக, பூமியிலிருந்து எடுத்துக்கொள்வதில் இரண்டு விதங்கள் இங்கே அருகருகே இருக்கின்றன. உப்பளத்தில் உவர்நீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் விட்டு உப்பை வாருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் கரைந்துபோகின்றன. மழைக்காலம் ஓய்ந்ததும் மறுபடி வரப்புக் கட்டி, தளத்தை மிதித்து இறுக்கித் தொடங்குகிறார்கள். எடுத்ததைக் கடலே திரும்பத் தந்துவிடுகிறது. அங்கே மீட்பு என்ற சொல்லுக்கு வேலை இல்லை. (உப்பில் நின்று புண்ணாகும் கால்களுக்கும், வெளுப்பில் கூசிக்கெடும் கண்களுக்கும் மீட்பு உண்டா என்பது வேறு விஷயம்.)

ஆற்று மணல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வெள்ளம் கொண்டுவந்து போடுமளவு எடுத்தால் அது உப்பைப் போல. மிஞ்சினால் கல்லைப் போல. அணைகள் மணலைப் பிடித்து வைத்துக்கொண்ட பிறகு வெள்ளத்தின் கொடையும் குறைந்துவிட்டது. கல்லுக்கு இந்தச் சமாதானமும் கிடையாது. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். அந்தக் காலக்கணக்கின் பக்கத்தில் ஒரு குத்தகையின் சில ஆண்டுகளை வைத்துப் பார்த்தால், 'மறுபடி' என்ற வார்த்தையே அர்த்தம் இழந்துவிடுகிறது.

சட்டம் இவற்றைச் 'சிறு கனிமங்கள்' என்கிறது. கட்டடக் கல், கிராவல், சாதாரண மணல் எல்லாம் 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில் இந்தப் பெயரால் மாநிலங்களின் பொறுப்பில் விடப்பட்டன. பெயரில் சிறுமை இருந்ததால் கவனத்திலும் அது சேர்ந்துகொண்டது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2012 வரை ஆயிற்று. உலகம் ஆண்டுக்கு 5000 கோடி டன் மணலும் கிராவலும் செலவழிக்கிறது என்று ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு 2022இல் கணக்குச் சொன்னது. இதில் சிறியது எது?

தோண்டக்கூடாது என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்வது சுலபம். அந்தச் சுலபம் எனக்கு உவப்பானதல்ல. இதை எழுதும் அறையின் சுவருக்குள் மணல் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் இந்தக் கடற்கரையில் எழுந்த காங்கிரீட் வீடுகள் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு பள்ளம் இருக்கத்தான் வேண்டும். குடிசையில் இருந்தவனிடம் போய், மலையின் பொருட்டுக் குடிசையிலேயே இரு என்று சொல்ல யாருக்கு உரிமை? எடுப்பது தவறா என்பதல்ல, எடுத்ததற்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதே என் பிரச்னை.

மீட்பின் செய்முறையில் நேர்மை உண்டு. தோண்டும் முன் மேல்மண்ணைத் தனியே வழித்துக் குவிப்பது, பள்ளத்தின் சுவரைப் படிப்படியாக வெட்டுவது, கழிவு மண்ணால் நிரப்பி அதன்மேல் பழைய மேல்மண்ணைப் பரப்புவது, கன்றுகள் நடுவது. நெடுநாள் குவிந்துகிடக்கும் மேல்மண்ணில் விதைகளும் நுண்ணுயிர்களும் மடியும். ஆகவே தோண்டிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் மூடிக்கொண்டு வரவேண்டும். இதைச் சரியாகச் செய்பவனை நான் மதிக்கிறேன். ஆனால் அவன் செய்வது வேறொரு நிலத்தைச் செய்வது. பழையதைத் திருப்புவது அல்ல.

செய்யமுடியும் என்பதற்கு ஆரோவில்லைச் சாட்சி சொல்வார்கள். 1968இல் அரிப்பெடுத்து வெளுத்த செம்மண் மேடாக இருந்த இடம் இன்று காடு. உண்மைதான். ஆனால் அந்தச் சாட்சி என்ன சொல்கிறது என்று முழுதும் கேட்க வேண்டும். அழித்தவர்கள் வேறு, வளர்த்தவர்கள் வேறு. ஆயிற்று ஐம்பது ஆண்டுக்கு மேல். எந்தக் குத்தகைதாரனும் அத்தனை காலம் காத்திருக்க மாட்டான். எந்த மரங்களை நடுவது என்ற அறிவும் புதுப்பட்டு அய்யனாரைச் சுற்றி நிற்பது போன்ற கோயில் காடுகளில்தான் மிச்சமிருந்தது. யாரோ பயந்து கைவைக்காமல் விட்ட இடம், பிற்பாடு கைவைத்த இடத்துக்கு விதை தந்தது. தொடாத இடம் ஒன்று இருந்தாலொழிய மீட்பு சாத்தியமில்லை.

2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தால் எக்கியார்குப்பத்தில் பலர் இறந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்தது. அதை நிவாரணம் என்றார்கள். மீட்டுவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தெரு சும்மா விட்டிருக்காது. பணம் பணமாகவும் சாவு சாவாகவும் இருந்தன. நிலத்துக்கு அழ ஆள் இல்லாததால்தான் அதன் விஷயத்தில் நமக்கு இந்தத் துணிச்சல் வருகிறது.

மீட்பு என்ற சொல்லை விட்டுவிட்டு ஈடு என்று சொல்லலாம். ஈடு கொடுப்பவனுக்குத் தான் எடுத்தது திரும்பாது என்று தெரியும். தெரிந்தவன் குறைவாக எடுக்கக்கூடும். அப்போது நில மீட்புக்கான ஆயத்தம் என்பது பள்ளத்தை எப்படி மூடுவது என்ற திட்டத்தில் ஆரம்பிக்காது. குத்தகைக்கு முன்பே, வரைபடத்தில், எந்த இடத்தைத் தொடுவதில்லை என்று போடும் கோட்டில் ஆரம்பிக்கும்.