இடியாத சுவர்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், முன்னாளில் பிட் வீதி என்று வழங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வீதியில் நடப்போர் ஓர் அரிய காட்சியைக் காண்பர். ஒரு முனையில் 1818-இல் கட்டப்பெற்ற செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சற்றுத் தள்ளிச் சீனரின் குவான் யின் கோயில், அப்பால் குயின் வீதியை நோக்கிய மாரியம்மன் கோயில், அதன்பின் பள்ளிவாசல். நான்கு சமயத்தாரும் ஒருவர் வழியை ஒருவர் மறியாது வழிபடுகின்றனர். இதனைக் கண்டு பெருமை கொள்ளாத பினாங்குத் தமிழர் இலர்.

அயலான் கோயிலோடு சமாதானமாக வாழக் கற்ற நாம், நம் கோயிலில் நம்மருகே முழந்தாளிடுவோனோடு எங்ஙனம் வாழ்கின்றோம்? கிறிஸ்தவனாகிய நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது.

என் விசுவாசத்தைச் சுருங்கச் சொல்லுவேன். மாந்தர் யாவரும் ஒரே தந்தையின் மக்கள். இயேசு பெருமான், தம் இனத்தார் உறவு கொள்ளாது விலக்கிய சமாரியப் பெண்ணிடம் கிணற்றருகே தண்ணீர் கேட்டார். எவர் கையில் தண்ணீர் வாங்கலாம், எவர் கையில் வாங்கலாகாது என்று கணக்கிட்டே நூற்றாண்டுகளைக் கழித்த தமிழருக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இதனை நம்புவது எளிது, நடத்துவதே அரிது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளமே சான்று. அங்கே 1872-இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம், இரு கிளைகளாகப் பிரிந்து பீடத்தில் கூடும்படி அமைந்தது. வேளாளர் ஒரு பக்கம். நாடார் முதலியோர் மறுபக்கம். ஒரே பூசையைக் கண்டனர், ஒருவரையொருவர் காணவில்லை. 1910-இல் கௌசானல் பாதிரியார் அத்தடையை இடித்தகற்றினார். உயர்சாதியார் நியாயஸ்தலம் ஏறியும் சுவர் மீளவில்லை.

நிற்க. செங்கற் சுவரை இடிக்கக் கடப்பாரை போதும். நெஞ்சிலுள்ள சுவரை எதனால் இடிப்பது? பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். என் மகளை மணம் பேச ஒருவர் வந்தார். பிள்ளை தோட்டத்தில் பிறந்து, படித்து முன்னேறியவன். எங்களோடு ஒரே திருவிருந்தில் அப்பம் பெறுபவன். அவன் குணத்தை விசாரிக்குமுன் என் வாய், "ஊரில் அவர்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்டுவிட்டது.

"அப்பா, திருவிருந்தில் கேட்காத கேள்வியைக் கல்யாண விருந்துக்கு ஏன் கேட்கிறீர்கள்?" என்றாள் மகள்.

விடை கூற இயலாது நாணினேன். திருமணம் இனிதே நடந்தேறியது. ஆயினும் அக்கேள்வி என்னுள் எழுந்தது எழுந்ததுதான். அதனை நான் மறக்கவில்லை.

"அது ஊர் வழக்கம், வேதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்பர் சிலர். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தெய்வமும் ஏனைய ஆறு நாட்களுக்கு வேறொரு தெய்வமும் உண்டோ? வேதம் புகாத இடம் நம் வீட்டில் ஒன்று உண்டாயின், அங்கே நாம் கிறிஸ்தவர் அல்லோம்.

ஆதலின், விசுவாசத்தை எங்ஙனம் வாழ்வது என்று வினவுவோர்க்கு நான் கூறுவது இதுவே: பாடும் பாட்டிலும் நீண்ட ஜெபத்திலும் அதனைத் தேடற்க. மணம் பேசும் கூடத்திலும், பந்தியில் இடம் விடும் முறையிலும், ஏழையின் சவப்பெட்டியைச் சுமக்க முன்வரும் தோளிலும் தேடுக. பிற சமயத்துச் சகோதரர்களும் தத்தம் சமயத்தை முன்னிறுத்தி இவ்வாறே தம்மைக் கேட்டுக்கொள்வாராக. அடுத்த வரன் வீட்டுக்கு வரும்போது நம் வாயில் எழும் முதற் கேள்வியே நம் மதம் இன்னதென்று காட்டிவிடும்.