மறைக்கிறவர்களும் மறைக்க வைக்கிறவர்களும்



கலியாண ஓலை எழுத என் அறைக்கு வருகிற பெற்றோரில் சிலர், எழுதவேண்டியதெல்லாம் எழுதி முடிந்த பின்பும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ஏதோ சொல்ல இருக்கிறது, வாய் வரவில்லை. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு தாய் கேட்ட கேள்வியை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன். அவர்கள் நம் பங்கைச் சேர்ந்தவர்கள் அல்ல. அவர்களுடைய உத்தரவின் பேரில், ஆள் அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

நான் உதவிச் சுவாமியாராக இருந்த ஒரு பங்கிலே, அந்த அம்மாளின் கணவர் தோல் தொழிற்சாலையில் வேலை செய்து வந்தார். நாற்பது வயது இருக்கும். ஞாயிறு பூசைக்கு வரும்போது கால் பின்னிப் பின்னி நடப்பார், பேச்சும் குழறும். "விடியற்காலையிலேயே போட்டுக்கொண்டு வருகிறான்" என்று சனங்கள் சொன்னார்கள்; நானும் நம்பினேன். ஒருநாள் கோவில் வாசலிலே, நாலு பேர் காதில் விழ, குடியை விடும்படி அவருக்குப் புத்தி சொன்னேன். அவர் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை, தலைகுனிந்து போய்விட்டார். அவர் மதுவைத் தொட்டதே இல்லை என்பதும், அவருடைய தகப்பனாரும் இதே தள்ளாட்டத்தோடு படுக்கையில் விழுந்தவர் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த வீட்டார் ஏன் வாய் திறக்கவில்லை? குடிகாரன் மகனுக்குப் பெண் கொடுப்பார்கள். வம்ச வியாதிக்காரன் மகனுக்குக் கொடுக்கமாட்டார்கள். அதுதான் காரணம்.

சில வருஷங்களுக்குப் பின் அந்தத் தாய் மகனுக்கு ஓலை எழுத வந்து, என்னிடம் கேட்டார்கள்: "சாமி, இவங்க அப்பா வியாதியைப் பெண் வீட்டில் சொல்லித்தான் ஆகணுமா? சொன்னால் இந்தக் கலியாணம் நடக்காதே!"

இதற்கு விடை சொல்லுமுன், நோயைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். பெற்றோரின் குணங்கள் பிள்ளைகளுக்கு ஓர் ஒழுங்கோடு இறங்குகின்றன என்று முதன்முதல் கண்டறிந்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல், தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பார்த்து எழுதிய ஆராய்ச்சி 1866-ல் வெளிவந்தது. நம் ஒவ்வொருவரிடமும் மரபணுக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கின்றன. தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று.

நம் ஜோலார்பேட்டைச் சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வருகிற வண்டி இங்கே ஒன்று பெங்களூர்ப் பாதையில் போகும், அல்லது சேலம் பாதையில் போகும். சில நோய்களில் இரண்டு பிரதிகளில் ஒன்று பிசகியிருந்தாலே போதும், நோய் வரும். அப்படிப்பட்ட தகப்பனுக்கு அல்லது தாய்க்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பிசகு இறங்குவதும் இறங்காததும் பாதிக்குப் பாதி. மூத்தவனுக்கு வந்துவிட்டதால் இளையவன் தப்பினான் என்று கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு வண்டிக்கும் பாதை புதிதாகத் திருப்பப்படுகிறது.

அந்தத் தகப்பனாரின் தள்ளாட்டம் இந்த வகையைச் சேர்ந்தது. மருத்துவர்கள் இதை அட்டாக்ஸியா என்பார்கள். இதில் பல வகை உண்டு. முதல் வகைக்குக் காரணமான மரபணு 1993-ல் கண்டுபிடிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலேயே ஒரு சமூகத்தாரிடையே அந்த முதல் வகை மிகுதியாக இருப்பதை நரம்பியல் மருத்துவர்கள் 2005-ல் 'நியூராலஜி இந்தியா' என்னும் பத்திரிகையில் எழுதினார்கள். அந்தச் சமூகத்தின் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். எழுதினால், உங்களில் சிலர் நோயை மறந்துவிட்டுப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள்.

கை நடுக்கம் கண்டவர்கள் எல்லோரையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்ற ஆங்கில மருத்துவர் விவரித்து எழுதியதால் அவர் பெயரைப் பெற்ற நடுக்குவாதம், பெரும்பாலோருக்கு வம்சவழியாக வருவதல்ல. மூளையின் ஒரு பகுதியில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிவதால் அது வருகிறது. சில குடும்பங்களில் மாத்திரம் மரபணு காரணமாகிறது. 1997-ல் இத்தாலிய வம்சத்துக் குடும்பம் ஒன்றிலும், 1998-ல் ஜப்பானியக் குடும்பங்களிலும் அப்படிப்பட்ட மரபணுக்கள் தெரியவந்தன. ஜப்பானில் கண்ட வகையில் இரண்டு பிரதிகளும் பிசகினால்தான் நோய் வரும். நெருங்கிய உறவில் கலியாணம் செய்தால் இவ்விதப் பிசகுகள் இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர இடம் அதிகம். மாமன் மகளையோ அக்காள் மகளையோ கட்டுவதற்குத் திருச்சபை விக்கினம் வைத்து, மேற்றிராணியாரிடம் விலக்குப் பெறச் சொல்வதை வெறும் எழுத்து வேலை என்று எண்ணுகிறவர்கள் இதையும் யோசிக்கட்டும்.

இப்போது கேள்விக்கு வருவோம். இந்த நோய் பாவத்தின் சம்பளமா? பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று விசாரித்தபோது, ஆண்டவர் அவனையும் குற்றப்படுத்தவில்லை, அவன் பெற்றோரையும் குற்றப்படுத்தவில்லை. நடுக்குவாதத்தால் வருந்திய பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், 2005-ல் மரிக்கும்வரை தம் நடுங்கும் கையை உலகத்தின் கண்ணுக்கு மறைக்கவில்லை. 2017 மே 18-ந் தேதி, ஹன்டிங்டன் என்னும் கொடிய வம்ச நோய் கண்ட குடும்பங்களைப் பாப்பரசர் பிரான்சிஸ் வத்திக்கானில் சந்தித்தார். இனி ஒருபோதும் மறைந்திருக்க வேண்டாம் என்பதே அந்தச் சந்திப்பின் கருத்து. வந்தவர்களில் வெனிசுவேலா நாட்டு ஏழைகளும் இருந்தார்கள். அந்நாட்டில் மரக்காய்போ ஏரிக்கரை மக்கள் 1979-ல் தொடங்கிய ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடுத்து உதவியதால்தான் 1993-ல் அந்த நோயின் மரபணு அகப்பட்டது. அதை அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. கொடுத்தவர்கள் தங்களுக்கென்று பெற்றது கொஞ்சமே. அவர்களால் நன்மை பெற்றது உலகம்.

நம் நாட்டிலும் பதினாயிரம் நடுக்குவாத நோயாளிகளிடமும் அதே தொகை சுகமுள்ளவர்களிடமும் இரத்தம் பெற்று மரபணுக்களை ஆராயும் திட்டம் 2020-ல் அறிவிக்கப்பட்டது. அதுவரை இந்த ஆராய்ச்சி பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரின் இரத்தத்தைக்கொண்டே நடந்தது. நாம் ஒளிந்துகொண்டால் நம் பிள்ளைகளின் நோயைப் பற்றி யார் அறிவார்? மறைப்பதால் சிகிச்சையும் தப்பிப்போகிறது. நடுக்குவாதத்துக்கு முக்கிய மருந்தாகிய லெவோடோபா, நம் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையில் இருப்பதை 1937-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தார் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்காக விதையை அரைத்துத் தின்னவேண்டாம்; மருத்துவரிடம் போங்கள். இந்தியாவின் முதல் நரம்பியல் துறை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது, நமக்கு அருகேயுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான்.

ஆகையால் அந்தத் தாய்க்கு நான் சொன்னது இது: "அம்மா, நோய் மெய்விவாகத்துக்கு விக்கினமல்ல. உங்கள் மகன் தாராளமாய்க் கலியாணம் செய்யலாம். அவனுக்கு அது இறங்கியிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க அவனைக் கட்டாயப்படுத்த எனக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை. அறிந்துகொள்வதைத் தாங்கமாட்டேன் என்றால் அறியாமல் இருக்கலாம். ஊருக்கும் தரகருக்கும் சொல்லவேண்டியதில்லை. அது குடும்ப இரகசியம். ஆனால் தன் உயிரையே இவனோடு சேர்க்க வருகிற அந்தப் பெண்ணுக்கு, உங்களுக்குத் தெரிந்தது தெரியவேண்டும். அவளிடம் மறைப்பது இரகசியமல்ல, வஞ்சகம்." கலியாண வாழ்வைப் பெரிதும் குலைக்கக்கூடிய ஒன்றை, சம்மதம் வாங்குவதற்கென்றே வேண்டுமென்று மறைத்து ஏமாற்றினால், அந்த விவாகமே செல்லாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1098-ம் பிரிவு.

அவர்கள் சொன்னார்கள். கலியாணம் நின்றது. அதோடு போகவில்லை, பெண் வீட்டார் மூலமாகச் செய்தி ஊரெல்லாம் பரவி, மகளுக்கு வந்துகொண்டிருந்த வரன்களும் நின்றன. "நீங்க சொன்னீங்கன்னுதான் சாமி சொன்னேன்" என்று அந்தத் தாய் என் முன் அழுதபோது, எனக்குப் பதில் அகப்படவில்லை. நான் சொன்னது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் உண்மைக்கு அவர்கள் கொடுத்த விலையை நான் கொடுக்கவில்லை.

பிரியமானவர்களே, மறைக்கிறவர்களைக் குற்றம் சொல்வது சுலபம். அவர்களை மறைக்க வைக்கிறவர்கள் யார்? நம்பிச் சொன்னதைத் தெருவுக்குக் கொண்டுபோனவர்கள், தள்ளாடியவரைக் குடிகாரன் என்றவர்கள், அதை விசாரிக்காமல் நம்பிய நான். வரன் வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்குப் பூரண சுதந்திரம் உண்டு, அது பாவமல்ல. கேட்டதை வெளியே சொல்ல யாருக்கும் சுதந்திரமில்லை. உண்மை சொன்னவனுக்குத் தண்டனை கிடைக்கிற ஊரிலே, எத்தனை பிரசங்கம் செய்தாலும் பொய்தான் பிழைக்கும்.

பிற்பாடு நான் அந்த வீட்டுக்குப் போய் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். படுக்கையிலிருந்தபடியே என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். நாக்குக் குழறியதால் எனக்கு விளங்கவில்லை. மறுபடி சொல்லும்படி கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மகன் இன்னும் சோதனை செய்துகொள்ளவில்லை. தகப்பனை அவன்தான் தூக்கிக் குளிப்பாட்டுகிறான்.

நம் பங்கிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். அவர்கள் என்றைக்காவது உங்களிடம் வாய் திறந்தால், கேட்டதை உங்களோடு வைத்துக்கொண்டு, "நாளைக்கு வேலூருக்குப் போகணும்னா கூட வரட்டுமா?" என்று கேளுங்கள்.

உங்கள் பங்குச் சுவாமி