சிக்கியவர்கள்

"இந்த ஊர்லயே சிக்கிட்டீங்களே அத்தை" என்று ராசிங்காபுரம் போயிருந்தபோது சொல்லிவிட்டேன். விடிகாலை ஜீப்பில் மலையேறி, ஏலக்காய் எடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். "உனக்கு அப்படித் தெரியுதுப்பா" என்றார்.

அன்றிரவு, நண்பனின் ஆய்வுக்காக, காட்மியம் செலினைடு குவாண்டம் புள்ளிகளின் ஒளி எப்படித் தேய்கிறது என்று மாடல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒளி பட்டுக் கிளர்ந்த எலக்ட்ரான், சராசரியாகச் சுமார் 20 நானோவிநாடியில் ஒளியை உமிழ்ந்து அடங்கும். சில மட்டும் புள்ளியின் மேற்பரப்புக் குறைகளில் சிக்கிக்கொள்ளும். என் நிரலில் அவற்றுக்கு ஒரே பெயர்: இழப்பு. 200 நானோவிநாடி வரையான தரவோடு வளைகோடு அழகாகப் பொருந்தியது.

ஆனால் சிக்கியவற்றில் சில விடுபட்டுத் திரும்பி, மைக்ரோவிநாடிகள், ஏன், மில்லிவிநாடிகள் கழித்தும் ஒளிர்கின்றன. அதே நிறத்தில். அதற்குள் நான் பார்ப்பதை நிறுத்தியிருப்பேன்.

எல்லாரும் ஒருநாள் ஒளிர்வார்கள் என்று ஆறுதல் சொல்ல வரவில்லை. சில எலக்ட்ரான்கள் வெப்பமாகவே முடிந்துபோகும். முதல் 200 நானோவிநாடியில் இரண்டும் ஒரே இருட்டு. அதற்கு "இழப்பு" என்று பெயர் வைத்தது தரவு அல்ல, நான். கோடு பொருந்திவிட்டதாலேயே தீர்ப்பு சொல்லும் உரிமை வந்துவிடுமா?

நிரலில் "திரும்புதல்" என்று ஒரு வரி சேர்த்தேன். அது சுலபம். அத்தையை நான் எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறேன்? வருடத்துக்கு இரண்டு லீவு.