யாருடைய ஆயுள்?

பெங்களூரில் உயிரியல் ஆய்வு செய்யும் என் பேர்த்தி சென்ற கோடையில் ஊருக்கு வந்திருந்தாள். அவளுடைய ஆய்வுக்கூடத்தில் முதுமையைப் பற்றி ஆராய்கின்றனர். அதற்குப் பயன்படுபவை சுண்டெலிகள். ஒருநாள் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, "பாட்டி, நான் செய்வது உழவன் ஏர் உழுவது போன்ற தொழில் இம்சைதானே?" என்று கேட்டாள். முப்பத்தெட்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று உடனுக்குடன் விடை சொல்லிப் பழகிய எனக்கு அன்று நா எழவில்லை.

முதுமை என்பது நாள்கள் கழிவதனால் மட்டும் வருவதன்று. 1961இல் லெனார்ட் ஹேஃப்லிக், பால் மூர்ஹெட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், மனித உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, அவை ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் மேலும் பிரியாது நின்றுவிடுவதைக் கண்டனர். விளக்குத் திரி எரிய எரியக் குறைவதுபோல, ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோம்களின் முனை சிறிது குறைகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவ்வாறு நின்றுபோன அணுக்களுட் சில மடியாமல் தங்கி, அண்டையிலுள்ள திசுக்களையும் அழற்சியுறச் செய்கின்றன. மற்றொரு செய்தி நமக்கு இன்னும் நெருக்கமானது. உணவு குறையும்போது உயிரணு தன்னுள் தேங்கிய பழுதுகளைத் தானே செரித்துத் தூய்மை பெறுகிறது. இச்செயலின் நுட்பத்தை விளக்கியமைக்காக ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் இல்லங்களிற் பலர் இதனைக் கேட்டவுடன், உபவாசத்தை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது என மகிழ்கின்றனர். நானும் மகிழ்ந்தவளே.

ஆயினும் குறைவாக உண்டால் ஆயுள் நீளக்கூடும் என்பது எவ்வாறு தெரிந்தது? 1935இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே என்பவர் எலிகளுக்கு உணவைக் குறைத்து வளர்த்தார். அவற்றின் வளர்ச்சி குன்றியது, வாழ்நாள் நீண்டது. பின்னர் அமெரிக்காவில் இரண்டிடங்களில் குரங்குகளைக் கூண்டிலடைத்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே சோதனையை நடத்தினர். ஓரிடத்தில் பயன் உண்டென்று 2009இலும், மற்றோரிடத்தில் ஆயுள் நீளவில்லையென்று 2012இலும் அறிவித்தனர். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த நுண்ணுயிரொன்றிலிருந்து கிடைத்த ராபமைசின் என்னும் மருந்து, முதிர்ந்த சுண்டெலிகளின் ஆயுளைக் கூட்டுவது 2009இல் தெரியவந்தது.

இங்கே நான் ஒரு வேறுபாட்டைக் காண்கிறேன். நோன்பு என்பது உண்ண உணவிருந்தும் தானே மறுப்பது. கூண்டிலுள்ள எலி எதனையும் மறுக்கவில்லை. அதன் பசி நோன்பன்று, பட்டினி. அமெரிக்காவில் உடல்நலமுள்ள நூற்றுக்கு மேற்பட்ட ஆடவரும் மகளிரும் தாமே முன்வந்து ஈராண்டுகள் உணவைக் குறைத்துக்கொண்டனர். நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு குறைக்க எண்ணியவர்களால் பன்னிரண்டு பங்கு அளவிலேயே குறைக்க முடிந்தது. ஆயினும் இரத்த அழுத்தமும் கொழுப்பும் குறைந்தன. இத்தகைய சோதனையை என் மனம் ஏற்கிறது. (என் வயதினர் இதைப் படித்துவிட்டு நாளையே உணவைக் குறைத்துவிட வேண்டா. முதுமையில் தசை கரைவதே பெருங்கேடு. சர்க்கரை மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் மேற்கொள்ளுதலும் ஆகாது.)

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நான்காக வகுப்பர்: சங்கல்ப இம்சை, வீட்டுப்பணியில் நேரும் ஆரம்ப இம்சை, தொழிலில் நேரும் உத்தியோக இம்சை, தற்காப்பில் நேரும் விரோத இம்சை. உழவன் மண்ணைக் கிளறுகிறான், புழு மடிகிறது, புழுவைத் தேடி அவன் ஏர் பூட்டவில்லை. எலியைக் கையில் எடுப்பவளோ, அதனை எடுக்கும்போதே முடிவை அறிவாள். ஆகவே அது சங்கல்பமே. மறுநாள் மாலை இதனைப் பேர்த்தியிடம் சொன்னேன். அவள் முகம் வாடியது.

"பாட்டி, நாங்கள் சாவை வெல்லப் பார்க்கவில்லை. கடைசிப் பத்தாண்டுகளைப் படுக்கையில் கழிக்காமல் நடமாடிக் கழிக்க வேண்டும் என்பதே நோக்கம். அதுவும் பேராசையா?" என்றாள்.

அதன்பின் அவளிடம் சொன்னதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. என் கணவருக்கு 1987இல் இன்சுலின் தொடங்கியது. குளிர்ப்பெட்டி இல்லாத வீடு. மண்பானையில் நீருக்கு நடுவே புட்டியை வைத்திருப்பேன். ஊசி போட்டவள் நானே. 1921இல் டொராண்டோவில் பேண்டிங், பெஸ்ட் இருவரும் நாய்களின் கணையத்தை அகற்றியே இம்மருந்தைக் கண்டனர் என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். ஆனால் அக்காலத்து இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது முதல் வாரமே எனக்குத் தெரியும்; புட்டியின் மேல் எழுதியிருந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் படித்துச் சொல்லவில்லை. நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் இன்சுலின் 1982இலேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருந்தும், எங்கள் ஊர் மருந்துக் கடைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை நாள்தோறும் இருமுறை, கொல்லாமையையும் வாய்மையையும் ஒருசேர மீறினேன். அவர் 2004 வரை என்னுடன் இருந்தார்.

எனவே எலியைப் பற்றி உன்னிடம் உரத்துப் பேச எனக்குத் தகுதியில்லை என்றேன். நோயாளியின் உயிரைக் காப்பது வேறு, நிறைய வாழ்ந்தவர்க்கு மேலும் பத்தாண்டு கூட்டுவது வேறு என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனால் அவ்வெல்லைக் கோட்டை நான் என் வீட்டுக்கு வசதியான இடத்தில் கிழித்துக்கொண்டேனோ என்னும் ஐயமும் உண்டு.

விலங்குகளுக்கு மாற்றாக மனித உயிரணுக்களை வளர்த்துச் சோதிக்கும் முறைகளை 2023இல் நம் நாட்டு மருந்துச் சோதனை விதிகளும் ஏற்றுக்கொண்டன. அதனைப் பேர்த்திதான் சொன்னாள். அப்பக்கம் மாறுவதற்குக் கேட்டிருப்பதாகவும், இன்னும் விடை வரவில்லை என்றும் சொன்னாள்.

"தாத்தாவிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்?"

"ஊசி வேண்டாமென்றிருப்பார். அது தெரிந்துதான் சொல்லவில்லை."

அவள் ஒன்றும் பேசவில்லை. பொழுது சாயச் சிறிது நேரமே இருந்தது. எழுந்து உள்ளே சென்று, என் மாத்திரையையும் ஒரு குவளை நீரையும் கொண்டுவந்து தந்தாள்.