புதிய சாதகம்

நாடி பார்த்து நோயறிந்த காலம் போய், மனிதனின் பரம்பரையலகுகளைப் படித்து நோயறியும் காலம் வந்திருக்கிறது. எந்த மருந்து பொருந்தும், எது தீங்கு செய்யும் என்று அவரவர் உடலையே கேட்டறியும் வைத்தியமுறை வளர்ந்து வருகிறது. இதனை நாம் வரவேற்பதா, அஞ்சுவதா?

நன்மையை முதலில் நோக்குவோம். வலிப்பு நோய்க்கான கார்பமசெப்பைன் என்னும் மருந்து, குறித்த ஒரு பரம்பரையலகு வகையை உடையோர் சிலரின் தோலை உரித்து, உயிருக்கே உலை வைக்கிறது. இத்தொடர்பு 2004இல் தைவானில் கண்டறியப்பட்டது. மருந்துக்கு முன்னரான சோதனைச் செலவை 2010 முதல் அந்நாட்டின் தேசிய நலக்காப்புறுதி ஏற்று வருகிறது. இங்கே அறிவு, நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே நின்று உயிரைக் காக்கிறது. இதனை எதிர்ப்பார் எவருமிலர்.

ஆனால் எல்லாச் சோதனைகளும் வைத்தியரின் அறையோடு முடிந்துவிடுவதில்லை. தலசீமியா என்னும் இரத்த நோயை எடுத்துக்கொள்வோம். இதற்கென்றே குருநாகலில் தேசிய நிலையம் ஒன்று இயங்குகிறது. கடுமையாகப் பீடிக்கப்பட்ட பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும். நோயின் காவிகளோ நலமாகவே வாழ்வர். காவிகள் இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைக்க இந்நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே மணத்துக்கு முன்னரே சோதித்தறிவது அவசியமாகிறது. மச்சானும் மச்சாளும் மணக்கும் வழக்கமுள்ள யாழ்ப்பாணத்தில் இது மேலும் கருதத்தக்கது.

இங்கேதான் அறிவு சந்தைக்கு வருகிறது. சாதகத்தில் செவ்வாய் தோஷம் கண்டு பெண்ணைக் கழித்த சமுதாயம், இரத்த அறிக்கையைக் கண்டு கழிக்காது என்பதற்கு என்ன உறுதி? காவி என்ற ஒரு சொல்லுக்காகச் சீதனம் ஏறாதா? கிரேக்க நாட்டின் ஒர்கோமெனோஸ் என்ற ஊரிலே 1960களில் இத்தகைய இரத்தச் சோதனை நடந்தது. காவிகள் இழிவாக நோக்கப்பட்டனர். தம் நிலையை மறைத்தே மணந்தவர்களும் உண்டு. களங்கம் உள்ள இடத்தில் உண்மை ஒளிந்துகொள்கிறது; சோதனையும் பயனற்றுப் போகிறது.

விஞ்ஞானம் சொல்வதோ வேறு. காவி அல்லாத ஒருவர் காவியை மணந்தால், அவர்களுடைய பிள்ளைக்கு இந்நோய் பரம்பரையாக வருவதில்லை. எனவே ‘காவி’ என்பது தனியொருவரின் குறையன்று. இருவர் இணையும்போது மட்டும் எழும் கேள்வி. பெண்ணை மட்டும் சோதித்து அனுப்புமாறு கேட்பது அறமுமன்று, அறிவுமன்று.

அப்படியாயின் இந்த அறிக்கையை அறியும் உரிமை யாருக்கு? பிள்ளையின் துயரைத் தாங்கப்போகும் இருவருக்கே. அவர்களுக்கிடையில் மறைப்பு கூடாது. தரகருக்கும் சுற்றத்தாருக்கும் தொழில் கொடுப்போருக்கும் அதில் பங்கில்லை. ஆணும் பெண்ணும் ஒருங்கே சோதிக்கப்பட வேண்டும். இலவச வைத்தியசாலையிலே, தமிழிலே விளக்கம் பெற வேண்டும். முடிவை அவர்களே எடுக்க வேண்டும்.

பரம்பரை பற்றிய பாடத்தை வகுப்பில் கற்பிக்கும் நாம், பட்டாணிச் செடியோடு நிறுத்திக்கொள்ளலாகாது. பரீட்சைக்காகப் படித்த மாணவர் நாளை மணமக்களாவர். ஓர் அறிக்கையைக் கையில் வாங்கும்போது அஞ்சாமலும் பிறரை இழித்து நோக்காமலும் இருக்க அவர்களைப் பழக்குவது நம் கடமை. கருவிகள் வைத்தியசாலைக்கு வந்து சேருமுன் இந்த மனப்பக்குவம் வீடுகளுக்கு வந்து சேரட்டும்.