நாளுக்கொரு வசனமும் வாசிப்போர் கடமையும்

அறநூல்களைச் சிறு பகுதிகளாக நாள்தோறும் ஓதுதல் பல சமயத்தவரிடையே வழங்கிவரும் பழக்கமாகும். தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் நாட்காட்டித் தாளில் ஒரு வேதாகம வசனம் அச்சிடப்பட்டிருப்பதும், புத்தாண்டு ஆராதனையின்போது ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுக்கப்படுவதும் பலரும் அறிந்தவை. அப்பழக்கம் இன்று கைத்தொலைபேசித் திரைக்கும் வந்துள்ளது. பொழுது விடிந்ததும் முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும், சூரியோதயப் படமொன்றின் மீது பொறிக்கப்பட்ட வசனம் வந்து சேர்கின்றது. வாசிப்பவர் சில விநாடிகளில் அதனைக் கடந்து அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகின்றார். இவ்வாசிப்பினால் விளையும் பயன் யாது? இது வழிபாட்டின் ஒரு கூறா, அன்றி வழிபாட்டின் சாயலை மாத்திரம் கொண்ட ஒரு வழக்கமா?

இதனை ஐயுறுவோர் கூறும் முதற் காரணம், தனி வசனம் முழுமையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட துண்டு என்பதாகும். இக்கூற்றில் உண்மை உண்டு. வேதாகம நூல்களை எழுதியோர் வசன எண் இட்டு எழுதினாரல்லர். இன்று வழங்கும் புதிய ஏற்பாட்டு வசனப் பிரிவு, 1551 இல் ரொபேர் எத்தியேன் என்னும் பிரெஞ்சு அச்சகத்தார் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் இடம்பெற்றதாகும். தேடுவதற்கு வசதியாக அமைந்த அப்பிரிவு, ஒவ்வொரு வசனமும் தனித்து நிற்கவல்லது என்ற எண்ணத்துக்கும் இடமளித்தது.

இதனால் நேரும் இழப்புக்கு எரேமியா நூலின் 29ஆம் அதிகாரத்து 11ஆம் வசனம் தக்க சான்றாகும். இறைவன் நல்லதோர் எதிர்காலத்தைக் கருதியுள்ளார் என்னும் பொருள்பட அமைந்த அவ்வசனம், பரீட்சை எழுதுவோர்க்கும் தொழில் தேடுவோர்க்கும் வாழ்த்தாக அனுப்பப்படுகின்றது. ஆயின், அது பாபிலோனுக்குச் சிறைகொண்டு செல்லப்பட்ட மக்களுக்கு எழுதப்பட்ட மடலின் ஒரு பகுதி. மீட்சிக்கு 70 ஆண்டுகள் செல்லும் என்கின்றது முந்திய வசனம். மடலைக் கேட்ட முதியோர் அம்மீட்சியைக் காணப்போவதில்லை. அந்நிய நகரிலே வீடு கட்டித் தோட்டம் நட்டு, அந்நகரின் நலனையும் நாடி வாழுமாறு அம்மடல் பணிக்கின்றது. திரைக்கு வரும்போது ஆறுதல் எஞ்சுகின்றது. அவ்வாறுதல் வேண்டிநின்ற நீண்ட பொறுமை வெளியே நின்றுவிடுகின்றது. இயேசுவைச் சோதிக்க வந்த சாத்தானும் 91ஆம் சங்கீதத்தின் வரிகளையே எடுத்தாண்டான் என மத்தேயு கூறுவது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆயினும், துண்டு என்பதனாலேயே அது பயனற்றது என முடிவு செய்தல் பொருந்தாது. 1728 இல் ஜேர்மனியின் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில், சின்சென்டோர்ப் பிரபுவின் ஆதரவில் வாழ்ந்த மொரேவியச் சபையார், நாளுக்கொரு வாசகத்தை வீடு வீடாகச் சென்று அறிவிக்கும் வழக்கத்தைத் தொடங்கினர். 1731 முதல் அது ஆண்டு நூலாக அச்சேறி, இன்று பல மொழிகளில் வெளிவருகின்றது. அந்நூலுக்குரிய பழைய ஏற்பாட்டு வசனங்கள் சீட்டுக் குலுக்கியே தெரியப்படுகின்றன.

அந்நூலை நாள்தோறும் வாசித்தோருள் ஒருவர் இறையியலாளர் தீத்ரிக் பொன்ஹோபர். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த அவர், 1939 ஜூனில் நண்பர்களின் முயற்சியால் நியூயோர்க் சென்றடைந்தார். அங்கே பாதுகாப்பும் பணியும் காத்திருந்தன. எனினும் அவர் மனம் அமைதியுறவில்லை. தாயகம் மீளத் தீர்மானித்தார். அவ்வேளையில், குளிர்காலத்துக்கு முன் வந்து சேருமாறு பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வரி தற்செயலாக அவர் கண்ணிற் பட்டது. விலங்கிடப்பட்ட ஒருவர், தம் மேலங்கியையும் நூல்களையும் எடுத்துவரும்படி நண்பனை வேண்டும் மடலில் வரும் வரி அது. அது நாள் முழுதும் தம்மைத் தொடர்ந்ததாகப் பொன்ஹோபர் நாட்குறிப்பில் எழுதினார். ஜூலையில் ஜேர்மனி திரும்பினார். 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்.

அவ்வரியும் ஒரு துண்டே. ஆயின், நூல் முழுவதையும் ஆண்டுக்கணக்காகப் பயின்ற உள்ளத்தில் அது விழுந்தது. ஒரு நாள் முழுதும் அங்கே தங்கியது. பாதுகாப்பான இடத்தை விட்டு ஆபத்தான இடத்துக்குச் செல்லும் துணிவை உறுதிப்படுத்தியது.

சமூக ஊடக வசனம் வேறுபடுவது இவ்விடத்திலாகும். சீட்டுக் குலுக்கலில் அன்றைய வாசகரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. அவரைக் கண்டிக்கும் வசனமும் வரலாம். ஊடகமோ, மக்கள் எதனை நின்று நோக்கினர், எதனைப் பகிர்ந்தனர் எனக் கணித்து, அதனை ஒத்தவற்றையே மீண்டும் முன்வைக்கும் இயல்பினது. ஆறுதல் மொழிகள் அதில் எளிதாக முன்வருகின்றன. வேலையாட்களின் கூலியைப் பிடித்துவைக்கும் செல்வரைச் சாடும் யாக்கோபின் நிருபமும், நீதியற்றோரின் சமய விழாக்களை வெறுக்கும் ஆமோசின் குரலும் எளிதிற் பின்தள்ளப்படுகின்றன. இந்நிலை நீடிக்குமாயின், வாசகர் தம் விருப்பத்தையே இறைவாக்கென வாசிப்பவராவார். மேலும், பகிர்தல் ஒரு விரலசைவில் முடிவதால், பகிர்ந்ததையே கைக்கொண்டதாகக் கருதும் மயக்கமும் நேர்கின்றது. பிறர் காணும்பொருட்டுத் தெருமுனையில் நின்று செபிப்போரை இயேசு கண்டித்தமை இதற்கும் பொருந்தும்.

இத்தனை குறையிருந்தும், இவ்வழக்கத்தை எள்ளி நகையாடுதல் நேரிதன்று. ஒரு வரிக்கு மேல் வாசிக்க வலுவற்ற நோயாளி உண்டு. அந்நிய நாட்டில் வீட்டுப்பணி புரிந்து, நள்ளிரவில் மட்டும் தொலைபேசியைக் கையிலெடுக்கும் பெண் உண்டு. அவளுக்குத் தாய் அனுப்பும் வசனம், ஊரிலே தன்னை நினைப்போர் உளர் என்னும் செய்தியையும் சுமந்து செல்கின்றது. ஹெர்ன்ஹூட்டில் கதவைத் தட்டியவரின் பணியை அத்தாய் செய்கின்றாள். ஓய்வும் நூலகமும் உடையோர், அவை இல்லாதோரின் ஒற்றை வரியை அளந்து குறை கூறலாகாது. ஆனால், அவர்களுக்கு உரிய நியாயத்தைத் தமக்கும் உரியதாக்கிக் கொள்ளவும் ஆகாது.

எனவே, தினவசனத்தின் பயன் வாசித்த பின்னர் நிகழ்வதைப் பொறுத்தது. வசனத்தைக் கண்டவர் இயன்றபோது அதன் அதிகாரத்தைத் தேடிச் செல்லல் வேண்டும். தமக்கு உவப்பான வசனத்தோடு உவப்பற்றதையும் ஏற்கப் பழகல் வேண்டும். கற்றலோடு அதன்வழி நிற்றலையும் சேர்த்தே உரைத்த வள்ளுவரை அறிந்த தமிழ் மாணவருக்கு இது புதிய கருத்தன்று. காலையில் வாசித்த வசனம் யாதென மாலையில் ஒருவர் தம்மைத்தாமே கேட்டுப் பார்க்கலாம். அது நினைவில் இருந்து, அன்று சொல்லவிருந்த ஒரு கடுஞ்சொல்லையேனும் தடுத்திருப்பின், அவர் வேதம் வாசித்தவராவார். நினைவிலேயே இல்லையாயின், அவர் பார்த்தது சூரியோதயப் படத்தை மட்டுமே.