உடல் முந்தியது, செவி பிந்தியது

மூளை கல்லாவது அரிதினும் அரிது. சதை அழுகிப் போகும். எலும்புக்குள் அது இருந்த குழி மட்டும் எஞ்சும். அந்தக் குழியில் சேறு புகுந்து இறுகினால், இயற்கையே ஒரு வார்ப்பை எடுத்து வைத்துவிடுகிறது. இல்லாமல் போன ஒன்றின் வடிவத்தை வெற்றிடம் இத்தனை கோடி ஆண்டுகள் காத்து வைத்திருப்பது எனக்குத் தீராத வியப்பு.

இப்படி எஞ்சிய வெற்றிடங்களே ஒரு பழைய கதையைச் சொல்கின்றன. ஜுராசிக் கடல்களில் முதலைகளின் உறவினங்கள் சில வாழ்ந்தன. அவற்றில் மெட்ரியோரிங்கிட் என்ற குடும்பம் முதுகுக் கவசத்தை இழந்தது. கால்கள் துடுப்பாயின, வால் நுனியில் மீனைப் போலத் துடுப்பு விரிந்தது. அர்ஜென்டினாவின் நியூக்கென் படுகையில் கிடைத்த, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கிரிகோசாரஸின் மண்டையோட்டில், கண்களுக்கு முன்னால் கொத்துக்கொத்தான வார்ப்புகள் இருந்தன. அவை உப்புச் சுரப்பிகள் என்று மார்த்தா பெர்னாண்டஸும் சுல்மா காஸ்பரினியும் 2000-இல் விளக்கினார்கள். ஊர்வனவற்றின் சிறுநீரகத்தால் இரத்தத்தைவிட உப்பு மிகுந்த சிறுநீரைப் பிரிக்க முடியாது. கடலில் வாழ வேண்டுமானால் மிகுதி உப்புக்கு வேறு வழி வேண்டும். இங்கிலாந்தின் சாமர்செட்டில் கிடைத்த இன்னொரு முதலை உறவினமான பெலகோசாரஸ் இன்னும் பழையது. துடுப்புக் கால் இல்லாதது. அதன் மண்டையைச் சி.டி. ஸ்கேன் செய்தபோது அங்கும் அந்தச் சுரப்பிக்கான இடம் தெரிந்தது. உப்பைச் சமாளிக்கும் ஏற்பாடு அவ்வளவு முன்பே வந்துவிட்டது.

உள்செவியோ அவசரப்படவில்லை. உடல் திரும்புவதை உணர்ந்து சமநிலை காப்பவை அதன் அரைவட்டக் குழல்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஜூலியா ஷ்வாப் குழுவினர் 2020-இல் இந்த முதலை உறவினங்களின் குழல்களை வரிசையாக ஒப்பிட்டார்கள். திறந்த கடலுக்குப் போன இனங்களில் குழல்கள் தடித்து, செவியின் அமைப்பே குறுகிக் கச்சிதமாகியிருந்தது. ஆனால் நீந்துவதற்கான முதல் மாற்றங்கள் உடலில் வந்த பிறகுதான் இது நடந்தது. அதற்குமுன் கரைக்கும் நீருக்கும் இடையே நெடுங்காலம் வாழ்ந்திருந்தன அவற்றின் முன்னோர்கள். நீருக்கு வந்த உடல், நிலத்தின் செவியையே நம்பி நீந்தியிருக்கிறது.

திமிங்கிலங்கள் நேர்மாறு. நீருக்குள் இறங்கிய சிறிது காலத்திலேயே அவற்றின் அரைவட்டக் குழல்கள் சுருங்கிவிட்டன. இருவரும் ஒரே கடலுக்குத்தான் போனார்கள். ஆனால் உடலும் புலனும் ஒரே வரிசையில் மாறவில்லை. பரிணாமத்தை ஒற்றைப் படிக்கட்டாகச் சொல்லிக் கொடுக்கும் பாடங்களை நாம் திருத்தியாக வேண்டும். செவி தாமதமாக மாறியதால் அந்த முதலை உறவினங்கள் தோற்றுவிடவில்லை: மெட்ரியோரிங்கிட்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலில் வேட்டையாடி வாழ்ந்தன.